ஒரு மதிப்பெண்

புதுச்சேரியில் நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் 'டிக்தே' என்றாலே நடுக்கம். ஆசிரியர் வாசிக்க வாசிக்க எழுத வேண்டும். மதிப்பெண் 20க்கு. எழுத்தின் மேல் இடும் சிறு கீற்று விட்டுப்போனாலும் குறைப்பார்கள்.

ஒருமுறை 18 வாங்கி வகுப்பில் முதலாவதாக வந்தேன். வீட்டில் பார்த்தால், ஆசிரியர் கண்ணில் படாத ஒரு பிழை. "நாளைக்கு முசியேகிட்ட காட்டிடு" என்றார் அப்பா. காட்டினேன். பாராட்டுவார் என்று நினைத்தேன். சிவப்பு மையால் 17 என்று திருத்திவிட்டு அடுத்த நோட்டை எடுத்தார். முதலிடம் போயிற்று. அழுதேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஓய்வூதிய நிலுவையில் 11,000 ரூபாய் கூடுதலாக வந்திருந்தது. கணக்கு எழுதிப் பழகிய எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. மனைவிக்குக் கண் அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருந்த மாதம் அது. இரண்டு நாள் வாய் திறக்கவில்லை.

"ஏங்க, ராத்திரியெல்லாம் தூங்கலையே?" என்று கேட்டாள். சொன்னேன்.

"எழுதிக் கொடுத்துடுங்க. என் கண்ணுக்குக் கடவுள் வழி காட்டுவார்."

எழுதிக் கொடுத்தேன். மாதாமாதம் பிடித்துக்கொண்டார்கள். நன்றி என்று ஒரு வரிகூட வரவில்லை. இந்த முறை அழவில்லை.

மறுநாள் மணக்குள விநாயகர் முன் கண்மூடி நின்றேன். மனதில் எந்தக் கணக்கும் குறுக்கே வரவில்லை. நேர்மைக்குக் கிடைக்கும் கூலி அவ்வளவுதான். எனக்கு அது போதும்.