சிப்பாயின் நெற்றி

வீடியோ கேம் பாத்திரங்களுக்குப் பழைய காலத்துப் படைச் சீருடைகளை வரைவது பல ஆண்டுகளாக என் ராத்திரி வேலை. ஸ்கின் என்று சொல்வோம். பாத்திரத்தின் உடம்பைத் தட்டையாக விரித்தால், தையல்காரர் மேசையில் வெட்டிப் போட்ட சட்டைத் துண்டுகள் போலக் கிடக்கும். அதன்மேல் துணி, தோல், பித்தளைப் பொத்தான் எல்லாம் வரைந்து மறுபடி உடம்பில் ஏற்ற வேண்டும்.

'மவுண்ட் அண்ட் பிளேடு: வார்பேண்ட்' விளையாட்டுக்கு 2012ல் 'நெப்போலியானிக் வார்ஸ்' என்ற தொகுப்பு வந்தது. பிரிட்டன், பிரான்ஸ், பிரஷ்யா, ஆஸ்திரியா, ரஷ்யா என்று ஐந்து படைகள். அதே ஆண்டுகளில் இங்கே கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் சண்டை போட்ட சென்னைச் சிப்பாய் அதில் இல்லை. பின்னாளில் வாட்டர்லூவில் வென்ற வெல்லஸ்லி 1803ல் அசாயேயில் ஜெயித்தபோது, அவருடைய காலாட்படையில் பெரும்பகுதி சென்னைச் சிப்பாய்கள்தான். அந்தச் சிப்பாயை நானே வரைவதென்று உட்கார்ந்தேன்.

சிவப்புக் கோட்டு சுலபம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அந்தக் காலப் பிரிட்டிஷ் படையில் அதிகாரியின் கோட்டுக்குக் கொச்சினீல் பூச்சியில் எடுத்த விலை உயர்ந்த சாயம். சாதாரண வீரனுக்கு மஞ்சிட்டி இனத்து வேர்ச்சாயம். வேர்ச்சாயம் வெயிலிலும் மழையிலும் செங்கல் நிறத்துக்கு இறங்கிவிடும். ஆகவே இரண்டு சிவப்பு வேண்டும். கழுத்துப்பட்டையும் கைமடிப்பும் ரெஜிமென்ட்டுக்கு ரெஜிமென்ட் நிறம் மாறும். மார்பில் குறுக்காக வெள்ளைத் தோல்வார்கள். இடுப்புக்குக் கீழேதான் ஐரோப்பிய உடம்பு உதவாது: சிப்பாய்க்குத் தொடையோடு நிற்கும் வெள்ளை அரைக்கால் சட்டை, வெறுங்கால், செருப்பு. வெறும் நிறம் பூசி இதைக் கொண்டுவர முடியாது, காலின் உருவத்தையே புதிதாகச் செய்ய வேண்டும். தஞ்சாவூர் ஓவியர்கள் கம்பெனிக்காரர்களுக்காக வரைந்த, மனைவியோடு நிற்கும் சிப்பாய்களின் படங்கள் எனக்கு மிகவும் உதவின. அவற்றில் கைமடிப்பின் பொத்தானைக்கூட எண்ணலாம்.

அடுத்தது தலை. 1805 நவம்பரில் சென்னைப் படைக்குப் புதிய தலைப்பாகை உத்தரவாயிற்று. பார்ப்பதற்குத் தொப்பி போலிருக்கும், தோலில் செய்த குஞ்சம் வைத்தது. அதையொட்டி வந்த விதிகள் இன்னும் நெருக்கமானவை. சீருடையில் இருக்கும்போது நெற்றியில் சாதிக்குறி, மதக்குறி கூடாது. காதில் கடுக்கன் கூடாது. தாடையை மழிக்க வேண்டும். மீசையின் அளவும் வடிவமும் கூடுமானவரை எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

விதிகளை வாசித்தபோது நான் இந்தச் சிப்பாயை இரண்டு தொகுதிகளாகச் செய்துகொண்டிருந்தேன்: உத்தரவுக்கு முன், உத்தரவுக்குப் பின். விளையாட்டில் முகம் ஒரு தனிப் படம். ஒரே முகப் படத்தை நூறு பேருக்குப் போட்டால் கணினிக்குச் சுமை குறைவு, வரைபவனுக்கும் வேலை குறைவு. பின்தொகுதிக்கு ஒரு முகம் போதுமானதாக இருந்தது. முன்தொகுதிக்கு நாமம் போட்டவன், விபூதி பூசியவன், தாடி வைத்த முஸ்லிம், கடுக்கன் போட்டவன் என்று ஒவ்வொருவனையும் தனித்தனியாக வரைய வேண்டியிருந்தது.

எங்கள் குழுவில் நிரல் எழுதும் நண்பன், "தலைப்பாகைக்குக் கீழே நெத்திய யாருடா பாக்கப் போறா? ஒரே மூஞ்சிய போட்டு முடி" என்றான். அவன் சொன்னது தொழில்முறையில் சரிதான். ஆனால் அந்த வசதி எனக்கு எதற்காக வேண்டியிருந்ததோ, அந்த விதிகளைக் கொண்டுவந்த சென்னைப் படைத்தலைவர் ஜான் கிரடாக்குக்கும் அதற்காகவே வேண்டியிருந்தது: ஆட்களைப் பிரித்தறிய முடியாதபடி வரிசையில் நிறுத்துவதற்கு. படைச் சீருடை மனிதன்மேல் என்ன செய்கிறது என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது. ஒரே முகத்தை நான் போடவில்லை. நண்பனும் பிறகு வற்புறுத்தவில்லை.

இந்த உத்தரவுகளைத் தொடர்ந்து வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் செய்த புரட்சிக்குக் காரணங்கள் பல சொல்வார்கள். கோட்டைக்குள் காவலில் இருந்த திப்புவின் பிள்ளைகளையும் சேர்த்துத்தான். ஆனால் முதல் மறுப்பு தலைப்பாகையில்தான் தொடங்கியது. 1806 மே மாதம் வேலூரிலேயே சிப்பாய்கள் அதை அணிய மாட்டோம் என்றார்கள். ஓர் இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் கசையடி கொடுத்து வேலையை விட்டு நீக்கினார்கள். ஜூலை 10 விடியுமுன் கோட்டையில் துப்பாக்கி வெடித்தது. அன்றே அடக்கியும் விட்டார்கள், ஏராளமான சிப்பாய்கள் செத்தார்கள். அதன் பிறகு உத்தரவுகள் திரும்பப் பெறப்பட்டன. கிரடாக்கும் கவர்னர் வில்லியம் பெண்டிங்கும் பதவியிலிருந்து திருப்பி அழைக்கப்பட்டார்கள்.

பாடப்புத்தகத்தில் இதெல்லாம் ஒரு பத்திக்குள் முடிந்துவிடும். வரையும்போது ஒவ்வொரு விதியும் ஒரு கோடாக, ஒரு நிறமாக நம் கையில் வருகிறது. எதை அழித்தார்கள் என்பது அழிக்கும்போதே தெரிகிறது.

இந்தியச் சிப்பாயை விளையாட்டுக்கு வரைய நினைக்கும் பிள்ளைகளைக் கேட்டுக்கொள்கிறேன்: கோட்டின் சிவப்புக்குச் செலவழிக்கும் நேரத்தில் பாதியையாவது முகங்களுக்குக் கொடுங்கள். கோப்பின் அளவு கூடினால் கூடட்டும்.