கோடிக்கரையில் ஒரு சலவையறை

வீட்டின் பகுதிகளுள் திண்ணையும் முற்றமும் அடுக்களையும் நம் கதைகளில் இடம்பெற்ற அளவுக்குத் துணி துவைக்கும் அறை இடம்பெறவில்லை. அது வீட்டுக்குள் வந்து சேர்ந்ததே அண்மைக் காலத்தில்தான் என்பது ஒரு காரணமாகலாம். எந்தப் பொருளை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று முடிவுசெய்ய மனமில்லாதபோது, அப்பொருளைக் கொண்டுபோய்ப் போடும் இடமாக அது மாறிவிடுவது மற்றொரு காரணம். நம் தயக்கங்கள் குவிந்து கிடக்கும் அறையைப் பற்றி எழுத யாருக்குத்தான் விருப்பமிருக்கும்?

கோடியக்கரையில் உள்ள எங்கள் வீட்டின் கொல்லைப்புறத்தில் அத்தகைய அறை ஒன்று இருக்கிறது. 7 அடி நீளம், 5 அடி அகலம். சென்ற கோடை விடுமுறையில் அதை ஒழுங்குசெய்ய முனைந்தோம். நாங்கள் என்பது கணவன் மனைவியாகிய எங்கள் இருவரையும் குறிக்கும். வீட்டில் மூன்றாமவர் அம்மா. எங்களில் ஒருவருக்குத் தாய், மற்றவருக்கு அத்தை. அவருக்கு வயது 76. முழங்கால் வலி முற்றிவிட்டது. இந்த வயதில் ஒருமுறை வழுக்கி விழுந்தாலும் எழுந்து நடப்பது கடினம் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். ஆனாலும் தம் துணிகளைத் தாமே துவைப்பதை அம்மா விடுவதாயில்லை. எந்திரத்தில் போடத் தம் புடவையைத் தரமாட்டார். எங்கள் கையிலும் தரமாட்டார். ‘என் துணிய நான் அலசிக்கற வரைக்கும்தான் நான் மனுஷி’ என்பார். எனவே அந்த அறையில் அவர் இடறாமல் நடப்பதற்கு வழி செய்வது ஒன்றுதான் எங்களுக்கு எஞ்சியிருந்தது.

வேலையைத் தொடங்கியபோதுதான் அறையில் குவிந்திருந்தவற்றின் பின்னால் இந்த ஊரின் காற்றும் நீரும் இருப்பது தெரிந்தது. கோடி என்றால் முனை. கரை தெற்கே நீண்டு முடியும் முனையில் இருப்பதால் ஊருக்கு இப்பெயர். தேவாரத்திலும் இத்தலம் ‘கோடி’தான். இங்குள்ள குழகரைப் பாடிய சுந்தரர், கடற்காற்று வந்து மோதும் கரையில் நீர் ஏன் தனியே இருக்கிறீர் என்று இறைவனிடமே வருந்திக் கேட்கிறார். அந்தக் காற்றில் உப்பு இருக்கிறது. இரும்பு ஆணியைச் சுவரில் அடித்தால் சில மாதங்களில் அது செந்நிறக் கோடு ஒன்றைச் சுவரில் இழுத்துவிடும். சலவை எந்திரத்தின் கால்கள், தகர வாளியின் விளிம்பு, துணிக் கிளிப்புக்குள் இருக்கும் சிறிய கம்பிச் சுருள் என ஒவ்வொன்றையும் காற்று தின்றுகொண்டே இருக்கிறது.

நீரும் அப்படியே. இங்கே மணல்மேடுகளில் மேலோட்டமாகத் தோண்டினால் மழைநீர் சேர்ந்த நல்ல தண்ணீர் கிடைக்கும். அது உப்புநீரின்மேல் மெல்லிய படலமாக மிதந்துகொண்டிருப்பது. ஆழமாகத் தோண்டினாலோ அளவுக்கு மேல் இறைத்தாலோ கீழிருந்து உப்பு ஏறிவிடும். உப்புநீரில் சோப்பு நுரைக்காது. சோப்புக் காய்ச்சுகிறவர்கள் கரைசலிலிருந்து சோப்பைப் பிரித்தெடுக்க உப்பைத்தான் சேர்க்கிறார்கள். அதே வினைதான் எங்கள் வாளியிலும் நடக்கிறது. கரைய வேண்டிய சோப்பு திரிந்துபோய்த் துணியில் அப்பிக்கொள்கிறது. சலவைத்தூளுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆயினும் உப்பு நீரில் அலசிய துணியின் குணம் வேறு. நண்பகல் வெயிலில் மொடமொடவென்று காய்ந்த துணி, மாலையில் தொட்டால் பிசுபிசுக்கும். காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தாண்டியதும் உப்பு தானே நீரை ஈர்க்கத் தொடங்கிவிடும். கடலோரத்து இரவுகளில் ஈரப்பதம் அந்த அளவை எளிதில் தாண்டும். இழைக்குள் தங்கிய உப்பு, காய்ந்த துணியை மறுபடி ஈரமாக்கிவிடுகிறது.

இதனால் எங்கள் வீட்டில் துவைப்பதற்கு ஒரு நீர், கடைசியாக அலசுவதற்கு ஒரு நீர். பின்னதற்கு மழைநீரோ குழாயில் வரும் குடிநீரோ வேண்டும். மழைநீர் சேகரிப்பைத் தமிழக அரசு 2003இல் கட்டாயமாக்கியபோது பலர் அதைச் சடங்காகச் செய்தனர். அம்மாவுக்கு அது சடங்காகப் படவில்லை. கூரை நீரைப் பிடித்து வைத்தால் வெள்ளைப் புடவை வெள்ளையாகவே இருக்கும் என்பது அவருக்கு முன்பே தெரியும். அறையில் நாங்கள் எண்ணிய 4 அண்டாக்களும் 9 குடங்களும் அந்த அறிவின் மிச்சங்கள்.

சங்கப் பாடல்களை வகுப்பில் நடத்தும்போது மாணவர்களுக்குப் பெரும்பாலும் வியப்பளிக்கும் செய்தி ஒன்றை இங்கே சொல்லலாம். புறநானூற்றின் 311ஆம் பாடலில் ஔவையார், களர் நிலத்தில் கிணறு தோண்டி நாள்தோறும் வெள்ளாடை வெளுக்கும் புலைத்தியைக் காட்டுகிறார். நல்ல நிலத்தை விட்டுக் களர் நிலத்தில் ஏன் தோண்ட வேண்டும்? உவர் வேறு, களர் வேறு என்று வேளாண் அறிவியல் பிரித்துச் சொல்கிறது. உவர் நிலத்தில் மிகுவது கறியுப்புப் போன்ற உப்புகள். களர் நிலத்தில் சோடியம் கார்பனேட் மிகும். அதுவே சலவைச் சோடா. பிற்காலத்தில் வெள்ளாவி வைத்தவர்கள் தேடி எடுத்து வந்த மண்ணும் சோடா கலந்த இவ்வகை மண்ணே. பேச்சுவழக்கு அதை உவர்மண் என்றது. குறுந்தொகை 330ஆம் பாடலில் வரும் புலைத்தி துணியைக் கஞ்சிப் பசையில் தோய்த்துக் குளத்தில் அலசுகிறாள். மண்ணின் குணத்தையும் நீரின் குணத்தையும் அறிந்த தொழிலறிவு அது. அந்த அறிவை உடையவர்களை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு, அவர்கள் தந்த வெண்மையை மட்டும் உடுத்திக்கொண்டது நம் சமூகம்.

எங்கள் பாட்டி காலத்தில் சலவைத் தொழிலாளர் வீடு தேடி வந்து அழுக்கெடுத்துப் போவார். கூலி அறுவடையின்போது நெல்லாக அளக்கப்படும். ஒவ்வொரு வீட்டுத் துணிக்கும் சேராங்கொட்டைச் சாற்றால் இட்ட அழியாத குறி உண்டு. அவருடைய பிள்ளைகள் படித்து வேறு வேலைகளுக்குச் சென்றார்கள். மகிழத்தக்க மாற்றம் அது. ஆனால் அந்த வேலை மறைந்துவிடவில்லை. வீட்டின் கொல்லைக்கு வந்து, அங்கிருந்த பெண்ணின் கையில் சேர்ந்தது. எங்கள் வீட்டில் அந்தக் கை அம்மாவுடையது. அறையின் மூலையில் இருந்த துவைகல்லின் நடுப்பகுதி தேய்ந்து குழிந்திருக்கிறது. ஐம்பது ஆண்டுச் சலவையை அதில் தடவிப் பார்க்கலாம்.

அறையைக் காலிசெய்து பொருள்களை வெயிலில் பரப்பினோம். குடங்களும் அண்டாக்களும் போக, நான்கு மண்ணெண்ணெய் கேன்கள், இரண்டு அரிக்கேன் விளக்குகள், மூன்று தார்ப்பாய்கள், வலைக்கயிறு ஒரு சுருள், ஓட்டை வாளிகள், தீர்ந்துபோன நீலப் புட்டிகள், பழைய எந்திரத்தின் மோட்டார், சாக்குமூட்டை ஒன்றில் கிழிந்த வேட்டிகள். எதைத் தொட்டாலும் அம்மாவிடமிருந்து ஓர் ஆண்டும் ஒரு மாதமும் பதிலாக வந்தன. விளக்கு, 1977 நவம்பர் புயலுக்குப் பின் வாங்கியது. கயிறு, 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வந்து போனபின் சேர்ந்தது. சோழர் காலத்தது என்று சொல்லப்பட்டு வந்த பழைய கலங்கரை விளக்கத்தின் எச்சம் சிதைந்ததும் அந்த அலையில்தான். தார்ப்பாய்கள் 2018 நவம்பர் 16இல் கஜா புயல் கரையைக் கடந்தபின் வந்தவை. அப்போது மின்சாரம் வர வாரக்கணக்கில் ஆயிற்று. எந்திரம் வாய்மூடிக் கிடக்க, அம்மாதான் எங்கள் துணிகளையும், கூரை போன அண்டை வீட்டுப் பிள்ளைகளின் துணிகளையும் இந்தக் கல்லில் துவைத்துப் போட்டார்.

வீட்டை ஒழுங்குசெய்வது குறித்து ஜப்பானியப் பெண்மணி மேரி கோண்டோ எழுதிய நூல் உலகெங்கும் விற்றது. ஒரு பொருளைக் கையில் எடு, மகிழ்ச்சி தந்தால் வைத்துக்கொள், இல்லையேல் நன்றி சொல்லி விடைகொடு என்பது அவருடைய வழி. நல்ல வழிதான். ஆனால் கடலோர வீட்டில் தார்ப்பாயைக் கையில் எடுத்தால் மகிழ்ச்சி எங்கிருந்து வரும்? வருவது அச்சம். கடைகளும் சாலையும் இல்லாமற்போகும் ஒரு நாளுக்காக வைத்த பொருளிடம் மகிழ்ச்சியைக் கேட்பதில் பொருளில்லை.

அதற்காக எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. அங்கேதான் உப்பு குறுக்கிட்டது. விளக்கொன்றின் அடிப்பாகம் எடுத்த எடுப்பில் கையோடு உதிர்ந்தது. கேன்களில் இரண்டு காலி. ஒரு தார்ப்பாய் மடிப்புகளில் பொடிந்திருந்தது. அடுத்த புயலுக்கென்று வைத்தவற்றுள் பாதி, புயல் வராமலே அழிந்திருந்தன. அம்மா உதிர்ந்த விளக்கைச் சற்றுநேரம் பார்த்தார். பிறகு, ‘தொடாம வச்சா உப்புக்குத்தான் வைக்கணும்’ என்றார். எங்களுக்கு வேண்டியிருந்த விதி அவர் வாயிலிருந்தே வந்துவிட்டது. எதை ஆண்டுக்கொரு முறையேனும் எடுத்துத் துடைத்து வெயில் காட்டுவோமோ அது இருக்கலாம், மற்றது போகலாம். அந்த உரைகல்லில் ஒரு விளக்கும் இரண்டு தார்ப்பாய்களும் கயிறும் நின்றன. குடங்களில் நான்கு போதும் என்று அவரே ஒதுக்கினார்.

கடைசியாக எஞ்சியது ஒரு தகரப்பெட்டி. ‘அதுல மட்டும் கை வைக்காதீங்க’ என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டார். நாங்கள் வைக்கவில்லை. இரண்டு நாள் கழித்து அவரே வந்து திறந்தார். உள்ளே மூன்று நூல்புடவைகள். அப்பா 2015இல் மறைந்தபோது அம்மாவின் உடன்பிறந்தார் மூவர் போட்ட கோடிகள்.

கோடி என்ற சொல்லுக்கு முனை என்பதைப் போலவே புத்தாடை என்றும் பொருள் உண்டு. மணத்திலும் கோடி, மரணத்திலும் கோடி. கணவனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டார் போடும் கோடிக்கு ஒரு விந்தையான நிலை உண்டு. அது அன்பின் அடையாளம். ஆனால் விரும்பி உடுத்தும் ஆடையன்று. பீரோவில் பிற புடவைகளோடு வைக்க அம்மாவுக்கு மனம் வரவில்லை. தூக்கிப்போடவும் வரவில்லை. ஆகவே அது சலவையறைக்கு வந்தது. துவைக்காத புதுத்துணியில் ஆலைக் கஞ்சி அப்படியே இருக்கும். இராமபாணப் பூச்சிக்கு அது விருந்து. ஒரு புடவையின் ஓரத்தில் பூச்சி தன் வேலையைத் தொடங்கியிருந்தது. பெட்டியின் துரு இன்னொன்றில் கறையாக இறங்கியிருந்தது.

நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா கூரை நீரை ஓர் அண்டாவில் கேட்டார். மூன்று புடவைகளையும் ஊறப்போட்டார். மறுநாள் காலை, காலியான தரையில் முக்காலி போட்டு அமர்ந்து, குழிந்த கல்லில் ஒவ்வொன்றாகக் கசக்கி அலசினார். கஞ்சி பாலாகப் பிரிந்து ஓடியது. பிழிவதற்கு மட்டும் எங்களைக் கூப்பிட்டார். அந்தப் புடவைகளின் ஒரு முனை எங்கள் கையிலும் மறுமுனை அவர் கையிலுமாக முறுக்கியபோது, அவர் முகத்தைப் பார்க்க எங்களுக்குத் துணிவில்லை. துருக்கறைக்கு எலுமிச்சையும் வெயிலும் வைத்தியம். கறை வெளுத்தது, முழுதும் போகவில்லை. அன்று மாலை அவர் அதைத்தான் உடுத்தினார். ‘அண்ணன் எடுத்தது. பத்து வருஷமா மடிச்சே வச்சுட்டேன்’ என்றார். அதற்குமேல் அவரும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இரண்டு புடவைகள் இப்போது நாள்தோறும் கொடிக்கு வருகின்றன. மூன்றாவதைக் காயவைத்து மடித்து மூடிபோட்ட பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து, ‘இது ஒண்ணு இருக்கட்டும்’ என்றார். எதற்கு என்று கேட்கும் வயதை நாங்கள் கடந்துவிட்டோம். தை பிறந்ததும் தார்ப்பாய்களோடு அதற்கும் ஒருநாள் வெயில் காட்ட வேண்டும் என்பது மட்டும் ஏற்பாடு.

அறையின் இப்போதைய நிலையைச் சொல்லிவிடுகிறோம். ஒத்த ஊர்களில் இருப்பவர்களுக்குப் பயன்படக்கூடும். இரும்பு அலமாரியை நீக்கிவிட்டுச் சுவரில் கடப்பாக்கல் பலகைகள் இரண்டு பதித்தோம். இடுப்புயரத்தில் அன்றாடப் பொருள்கள், அதற்குமேல் மழைக்காலத்துக்குரியவை, பரணில் புயற்பொருள்கள் மட்டும். தரையில் துவைகல், முக்காலி, ஓர் அண்டா தவிர எதுவும் இல்லை. பற்றிக்கொண்டு எழ மரக்கைப்பிடி ஒன்று. சொரசொரப்பான தரையோடு. எந்திரத்தை மேடையில் ஏற்றி வாரமொருமுறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைக்கிறோம். கூரைக்கடியில் குறுக்காக மூன்று நைலான் கொடிகள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஈரத்துணியின் துயரம் சிறியதன்று. அடியவரின் கந்தையைப் பொழுதடைவதற்குள் உலர்த்தித் தருவதாக வாக்களித்துவிட்டு, மழை விடாததால் துவைகல்லில் தலையை மோதிக்கொண்ட காஞ்சித் திருக்குறிப்புத் தொண்டரின் கதையைச் சேக்கிழார் சொல்லியிருக்கிறார். வாக்குக்காக உயிரையே கொடுக்கத் துணிந்தவர் அவர். நமக்கு ஒரு கூரையும் கொடியும் போதுமாயிருக்கின்றன.

வெளியே போன பொருள்கள் ஒரு வண்டி இருக்கும். பழைய இரும்புக்காரர் எடைபோட்டுத் தந்த பணத்தில் அம்மா புதிதாக இரண்டு டசன் துணிக் கிளிப்புகள் வாங்கச் சொன்னார். கம்பிச் சுருள் இல்லாத, மரத்தாலான கிளிப்பாகப் பார்த்து வாங்கும்படி.