கார்ப்பெட்டா, மணியா?

புதுச்சேரி வீடுகளில் கார்ப்பெட் குறைவு. மொசைக், டைல்ஸ், பழைய வீடுகளில் சிவப்பு ரெட் ஆக்சைடு தரை. நாய் உச்சா போனால் ஒரு வாளி தண்ணீரோடு விஷயம் முடிந்துவிடும். சில ‘சொல்தா’ வீடுகளில்தான் கதை வேறு. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து, பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களுக்கு இங்கே அந்தப் பெயர்.

முத்தியால்பேட்டையில் அப்படி ஒரு வீடு. கணவர் இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அவர் அல்ஜீரியாவிலிருந்து சுருட்டி எடுத்து வந்த கம்பளிக் கம்பளம் ஹாலில் இருக்கிறது. அவர் துண்டில் சுற்றித் தூக்கி வந்த நாய்க்குட்டியும் இருக்கிறது. பெயர் மணி, இப்போது வயது 13. இந்த இரண்டுக்கும் துணையாக, அல்லது இந்த இரண்டும் துணையாக, 68 வயது அம்மா ஒருவர்.

ஐப்பசி மழை தொடங்கியபோது மணிக்கு அடக்க முடியாமல் போனது. வாசல் வரை போவதற்குள் கம்பளத்திலேயே போய்விடும். அம்மா பினாயில் ஊற்றித் துடைத்தார், சோப்புப் போட்டுத் தேய்த்தார். கறை மங்கியது. மழை பெய்தால் வாடை மட்டும் திரும்ப வந்தது.

கிறிஸ்துமஸுக்குக் குழந்தையோடு வரவிருந்த மகன், பாரீஸிலிருந்து வீடியோ காலில் சொல்லிவிட்டான்: “ம்மா, குழந்தை தவழப் போற இடம் அது. ஒண்ணு கார்ப்பெட்டைத் தூக்கிப் போடு. இல்ல, மணியை யார்கிட்டயாவது குடுத்துடு.”

அம்மா பதில் சொல்லவில்லை. கூட்டிப் பெருக்க வருகிற பெண்ணிடம் மட்டும், “எதைக் குடுத்தாலும் அவரைக் குடுத்த மாதிரிதான்” என்றார்.

மருமகள் கொஞ்சம் இரக்கப்பட்டு, கறை உறிஞ்சும் மெஷின்களின் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். சிலது சில ஆயிரம், சிலது இருபதாயிரத்துக்கு மேல். எதை வாங்குவது? எதிர்வீட்டுப் பையன் கார் வாட்டர் வாஷ் கடை வைத்திருக்கிறான். சீட்டில் கொட்டிய பால், வாந்தி, நாய் அசிங்கம் எல்லாம் அவனுக்குத் தினசரி வேலை. அவனைக் கூப்பிட்டார்.

“ஆயா, மெஷின் வாங்குறதுக்கு முன்னாடி கார்ப்பெட்டைத் திருப்பிப் பாப்போம்” என்றான் அவன்.

திருப்பினார்கள். மேலே உள்ளங்கை அளவு இருந்த கறை, அடியில் தாம்பாளம் அளவுக்குப் பரவியிருந்தது.

இந்த விஷயத்தில் எல்லோரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான். சிறுநீர் கீழே இறங்க இறங்க விரியும். காய்ந்ததும் அதிலுள்ள உப்புகள் இழையில் ஒட்டிக்கொள்ளும். உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். ஈரம் வந்ததும் பாக்டீரியா மறுபடி வேலையைத் தொடங்கும், வாடை கிளம்பும். கடலோர ஊரில், அதுவும் வடகிழக்குப் பருவமழையில், கேட்கவே வேண்டாம். மேலாகத் தேய்த்தால் கறை இன்னும் உள்ளே போகும். வேண்டியது தேய்ப்பது அல்ல, இழுப்பது.

வாக்குவம் கிளீனர் பிறந்த கதையும் இதுதான். லண்டனில் அப்போதிருந்த மெஷின் காற்றை ஊதித் தூசியைக் கிளப்பியது. ஹியூபர்ட் செசில் பூத் என்ற பொறியாளர் அதைப் பார்த்துவிட்டு, நாற்காலி மேல் கைக்குட்டையை விரித்து, அதில் வாய் வைத்து உறிஞ்சிப் பார்த்தாராம். கைக்குட்டையில் அழுக்கு படிந்தது. 1901-ல் உறிஞ்சும் மெஷினைச் செய்தார். மறுவருஷம் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்கு முன், வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் கம்பளங்களைச் சுத்தம் செய்தது அவருடைய மெஷின்தான்.

அந்தப் பையன் அம்மாவுக்குச் சொன்னதை நீங்களும் குறித்துக்கொள்ளலாம்.

ஈரம் காயாத கறைக்கு முதல் கருவி, பழைய டர்க்கி டவல். நாலாக மடித்துப் போட்டு, மேலே ஏறி நில்லுங்கள். டவல் நனைய நனைய மாற்றுங்கள். பாதி வேலை இதிலேயே முடியும்.

சோபா, மெத்தை, கார் சீட் என்றால், தண்ணீரைப் பீய்ச்சி உடனே உறிஞ்சும் சிறிய மெஷின் போதும். நல்ல தண்ணீருக்கும் அழுக்குத் தண்ணீருக்கும் தனித்தனி டேங்க் இருக்க வேண்டும். வாட்ஸ் எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். அது தின்கிற கரன்ட் கணக்கு, உறிஞ்சும் சக்தி அல்ல.

வாளி மாதிரி இருக்கும் ‘வெட் அண்ட் டிரை’ வாக்குவம் கிளீனர் வீட்டுக்கு நல்ல முதலீடு. தண்ணீர் ஊற்றி, ஊறவிட்டு, இழுத்துவிடலாம். தூசிக்கு மட்டுமான சாதாரண வாக்குவம் கிளீனரில் தண்ணீரை இழுக்கவே கூடாது. மோட்டார் போகும், ஷாக்கும் அடிக்கலாம்.

சுவரிலிருந்து சுவர் வரை ஒட்டிய கார்ப்பெட், அடியில் ஃபோம் என்றால், அடிப்பாகம் தட்டையாக, முழுக்க ஓட்டை வைத்த தனிக் கருவி தேவை. மெஷின் குழாயில் மாட்டி, கறை மேல் வைத்து, அதன் மேலேயே ஏறி நிற்பார்கள். ஃபோமில் இறங்கியதைக் கூட அது இழுத்துவிடும். பெரும்பாலான வீடுகளுக்கு இது சொந்தமாகத் தேவையில்லை, ஆள் வைத்துச் செய்துகொள்ளலாம்.

கறையில் நீராவி அடிக்கும் மெஷின் மட்டும் வேண்டாம். சூடு பட்டால் கறை இழையோடு இறுகிவிடும். பிளீச்சும் வேண்டாம், சிறுநீரோடு சேர்ந்தால் நச்சு வாயு வரும். பினாயில் பூனைகளுக்கு விஷம். என்சைம் லிக்விட் வாடையின் மூலத்தையே சிதைக்கும். ஆனால் கம்பளி, பட்டு என்றால் அவற்றுக்கு ஏற்றதா என்று பாட்டிலில் பார்த்து வாங்குங்கள். சில என்சைம்கள் இழையையே அரித்துவிடும்.

“அப்ப எனக்கு எந்த மெஷின், தம்பி?” என்றார் அம்மா.

“உங்களுக்கு எதுவும் வேணாம் ஆயா. இது ஒட்டின கார்ப்பெட் இல்லையே, தூக்கிட்டுப் போயி அலசலாம்.”

மழை விட்ட ஒரு காலையில் மொட்டை மாடிக்குக் கொண்டுபோனார்கள். ஈர வெள்ளைத் துணியை மூலையில் அழுத்தி, சாயம் போகிறதா என்று முதலில் பார்த்தான். போகவில்லை. ஒரு பங்கு வினிகருக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து ஊற்றினான். பிறகு கம்பளித் துணிக்கான லிக்விட், பச்சைத் தண்ணீர். இருபுறமும் அலசி, கடை மெஷினைக் கொண்டுவந்து தண்ணீரை இழுத்தான். டேங்கில் சேர்ந்த தண்ணீர் டிகாஷன் நிறத்தில் இருந்தது. காய இரண்டு நாள், மூன்று ஃபேன்.

போகும்போது அவன் கேட்ட கேள்விதான் முக்கியம். “மணியை டாக்டர்கிட்ட காட்டுனீங்களா?”

அதை யாரும் யோசிக்கவில்லை. வயசாகிவிட்டது என்றே எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். குரும்பாப்பேட்டை கால்நடை மருத்துவக் கல்லூரியில் சிறுநீரைப் பரிசோதித்தார்கள். சிறுநீர்ப் பாதையில் தொற்று. மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு வாரத்தில் மணி மறுபடி வாசலுக்குப் போய் நின்றது. இப்போதும் ராத்திரியில் எப்போதாவது தவறும். அதற்கு ரப்பர் ஷீட் போட்ட தனிப் படுக்கை இருக்கிறது.

வீட்டு நாய் திடீரென்று இடம் தவறினால், கறைக்குக் கருவி தேடுவதற்கு முன் காரணத்தைத் தேடுங்கள். சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, தொற்று என்று எதுவாகவும் இருக்கலாம். திட்டினால் அது மறைவான இடம் தேடிப் போகுமே தவிர, நிறுத்தாது.

கிறிஸ்துமஸுக்கு மகன் வந்தான். முட்டி போட்டுக் கம்பளத்தை முகர்ந்து பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் குழந்தையை அதில் இறக்கிவிட்டான். அன்றைக்கு நல்ல வெயில். மழை நாளில் ஒரு மூலையில் லேசாக வாடை வரும் என்பது அம்மாவுக்குத் தெரியும். அந்த மூலையைக் கணவரின் நாற்காலிக்கு அடியில் தள்ளிப் போட்டிருக்கிறார்.