ஒரு வாரம்... சும்மா!

டாக்டர் என் கையில் பட்டையைச் சுற்றி, புஸ் புஸ்ஸென்று அமுக்கி, ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தார்.

"நூத்தம்பதுக்கு நூறு. வயசு என்ன?"

"முப்பத்தாறு ஸார்."

"என்ன வேலை?"

"பத்திரிகைக்கு எழுதறேன் ஸார்."

"அதுக்கு எதுக்குய்யா பி.பி.?" என்று கேட்டவர், பேனாவை மூடிவிட்டுச் சொன்னார்: "ஒரு வாரம் எங்கேயாவது போய்ச் சும்மா இருந்துட்டு வாங்க. அப்பவும் குறையலைன்னா மாத்திரை ஆரம்பிப்போம்."

ஆபீஸ் போகிற உங்களுக்காவது சி.எல்., இ.எல். என்று ஏதோ இருக்கிறது. எனக்கு? முதலாளியும் நானே, குமாஸ்தாவும் நானே. லீவு லெட்டர் கொடுத்தால் 'வேலை அதிகம், பிறகு பார்க்கலாம்' என்று நானே எழுதித் திருப்பி விடுவேன். ஆனால் இந்தத் தடவை, பக்கத்தில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தாள் என் மனைவி. தப்ப முடியவில்லை.

அதே வாரம் பார்த்தா பள்ளிக்கூடத்து நண்பன் ஒருவன் போன் பண்ண வேண்டும்? பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். இத்தாலியில் கோமோ ஏரிக்கரையில் குடும்பத்தோடு ஏழு நாள் தங்கிவிட்டு வந்தானாம். "பெல்லாஜியோன்னு ஒரு ஊர்டா மாப்ளே... காலைல காபியைக் கையில வச்சுக்கிட்டு ஏரியைப் பார்த்தா, சாயங்காலம் வரைக்கும் பார்த்துக்கிட்டே இருக்கலாம். ஒரு வேலையும் பாக்கல!"

பி.காம். படித்தவன் கை சும்மா இருக்குமா? ராத்திரி ஒரு பேப்பரை எடுத்து நடுவில் கோடு போட்டேன். விசாக் கட்டணம் மட்டும் ஆளுக்கு 90 யூரோ. அன்றைய தேதிக்கு யூரோ நூறு ரூபாய்க்கு முன்னே பின்னே. அப்புறம் விமான டிக்கெட், மிலான் நகரிலிருந்து ரயில், படகு, ஏழு ராத்திரி ரூம் வாடகை... பற்றுப் பக்கம் நிரம்பி அடுத்த தாளுக்குப் போனது. வரவுப் பக்கத்தில் இரண்டு கட்டுரைக்கான சன்மானம். அதுவும் இன்னும் வரவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பி.பி. ஏறுவது எனக்கே தெரிந்தது.

"ஏரிதானே வேணும்? இந்தா நாப்பது கிலோமீட்டர்ல தேக்கடி இருக்கே" என்றாள் மனைவி.

இருக்கிறதுதான். கோமோ 146 சதுர கிலோமீட்டர், நம்ம பெரியாறு ஏரி 26. அதனால் என்ன? அது பனிப்பாறை தோண்டிய பள்ளம். இது பென்னிகுக் அணை கட்டி, 1895-ல் நிரப்பியது. கோம்பையிலிருந்து உத்தமபாளையம், கம்பம், கூடலூர் வழியாகக் குமுளிக்கு பஸ் செலவு பிடித்தாலும் முழு நோட்டு ஒன்று முறியாது.

சரி, எந்த வாரம்? காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு வீடே உட்கார்ந்தது.

கார்த்திகை, மார்கழி, தை மூன்றும் கிடையாது. சபரிமலைக்குப் போகிற வண்டி வரிசையில் குமுளி மலைப்பாதையே மூச்சு வாங்கும். தைப் பொங்கலுக்கு எங்கள் பள்ளத்தாக்கில் சூரியனுக்கு ஒரு பானை, பென்னிகுக்கிற்கு ஒரு பானை. ஊரை விட்டு நகரக் கூடாது. சித்திரை முழு நிலவுக்கு மங்கலதேவி கண்ணகி கோயில் கூட்டம். சித்திரைக் கடைசியில் வீரபாண்டி திருவிழா. "ஜூன் முதல் வாரம்?" என்றேன்.

அதுவரை பேசாமல் இருந்த அப்பா தலையைத் தூக்கினார். "ஒண்ணாந் தேதி தண்ணி தொறப்பாங்கடா. வாய்க்கால்ல தண்ணி வர்றப்ப வயல்காரன் ஏரியில போட்டு விட்டுக்கிட்டா இருப்பான்?"

அப்பாவுக்கு உத்தமபாளையம் பக்கம் ஒன்றேகால் ஏக்கர் நஞ்சை. பெரியாற்றுத் தண்ணீரால் இரண்டு போகம் விளைகிற 14,707 ஏக்கரில் அதுவும் ஒரு துண்டு. அம்பது வருஷமாகக் காலையில் பேப்பர் வந்ததும் அவர் தேடுவது அணை நீர்மட்டத்தைத்தான். ஆட்சி மாறிய செய்தியெல்லாம் அப்புறம்! 104 அடிக்குக் கீழே போனால் சுரங்கத்தில் தண்ணீர் ஏறாது என்பதை எனக்கு வாய்ப்பாட்டுக்கு முன்னாலேயே சொல்லிக் கொடுத்தவர். அப்பேர்ப்பட்டவர் அந்த ஏரியைக் கண்ணால் பார்த்ததில்லை. கேட்டால், "அங்க என்ன இருக்கு, தண்ணிதான?" என்பார்.

அம்மா கதை வேறு. அவள் இருபது வருஷம் விடியற்காலை ஜீப்பில் நசுங்கிக்கொண்டு மலைமேல் ஏலத்தோட்டத்துக்குப் பழம் எடுக்கப் போனவள். நான் காலேஜில் அக்கவுண்டன்ஸி படித்த ஃபீஸ் அந்த ஏலக்காய்தான். "மலையில நான் பாக்காத குளிரா? காசு குடுத்து வேற பாக்கணுமா?" என்று சிரித்தாள். ஆனால், "போட்டு இருக்காமே?" என்றும் மெதுவாகக் கேட்டாள்.

அந்தக் கேள்விக்காகவே அவர்களையும் கூட்டிப் போவது என்று முடிவானது. கடைசியில் மார்ச் நடுவில், இரண்டாம் போகம் அறுத்த கையோடு, ஒரு வாரம். பையன் யு.கே.ஜி. என்பதால் பரீட்சைப் பயமில்லை. அடுத்த சிக்கல், நாய். எங்கள் ஊர்ப் பெயரையே வைத்திருக்கிற ஜாதி அது. வீட்டு ஆளைத் தவிர வேறு யார் சோறு வைத்தாலும் சோற்றை விட்டுவிட்டுக் கையைப் பார்க்கும். "ஏழு நாள் முடியாது, ரெண்டு நாள்னா நான் சமாளிக்கிறேன்" என்றான் சித்தப்பா மகன். ஒரு வாரம் இரண்டு ராத்திரியானது. (கோமோ போனவனுக்கு நாய் இல்லை. இருப்பதெல்லாம் மீன் தொட்டி.)

லோயர் கேம்ப்பில் பென்னிகுக் மணிமண்டபத்தைத் தாண்டும்போது அப்பா பஸ்ஸுக்குள்ளேயே கையெடுத்துக் கும்பிட்டார். மலையேறும்போது ராட்சதக் குழாய்கள் தெரிந்ததும் எழுந்தே நின்றுவிட்டார். கண்டக்டர் உட்காரச் சொன்னது காதில் விழவில்லை.

முதல் நாள் காலை நான் கண் விழித்தபோது 'சரக் சரக்' என்று சத்தம். மணி நாலரை. லாட்ஜ் வராந்தாவை அம்மா கூட்டிக்கொண்டிருந்தாள்! விளக்குமாற்றை எங்கே கண்டுபிடித்தாளோ. ரூம் பையன் பதறிப்போய் நிற்கிறான். "கெடக்கட்டும்ப்பா, நீ போயித் தூங்கு" என்று அவனை அனுப்பி வைத்தாள். "சும்மா இரும்மா" என்றேன். "இருந்து பாத்தேன்ப்பா. மூணரை மணியில இருந்து இருந்து பாத்தேன். முடியல."

காலைப் படகில் ஏறினோம். 2009 செப்டம்பரில் இதே ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் போன ஞாபகம் எனக்கு. எல்லோருக்கும் மிதவை உடுப்பின் பட்டியை இழுத்து இழுத்துக் கட்டிவிட்டேன். அம்மா அதைப் போட்டுக்கொண்டு சின்னப் பெண் மாதிரி மடியில் கை கட்டி உட்கார்ந்தாள். கரையில் யானை தெரிகிறது என்று எல்லோரும் ஒரு பக்கம் எட்டிப் பார்க்க, அவள் தண்ணீரையே பார்த்தாள். மலையிலே இருபது வருஷம் வேலை பார்த்தவள். தலையை நிமிர்த்த நேரம் இருந்ததில்லை.

அப்பா பார்த்தது மரங்களை. அணை கட்டியபோது முழுகிய காட்டின் மரங்கள், நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் மொட்டையாகத் தண்ணீரில் நிற்கின்றன. ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு நீர்க்காகம். மரத்தில் ஈரக் கறை எந்த உயரம் வரை ஏறியிருக்கிறது என்று கண்ணாலேயே அளந்தார். "அன்னிக்கு நூத்தி நாப்பத்திரண்டு நின்னப்ப இதுவரைக்கும் வந்திருக்கும்" என்றார் தனக்குள்ளே. அப்புறம் பேச்சே இல்லை. படகு திரும்பியபிறகும் கரையோரத்து மர நிழலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஒரு மணி நேரம். எனக்குத் தெரிந்து, காய்ச்சலில் படுத்ததைத் தவிர, அப்பா ஒரு மணி நேரம் ஒன்றும் செய்யாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

"என்னப்பா யோசனை?"

"ஒண்ணுமில்லடா. இம்புட்டையும் தெனம் பேப்பர்ல ஒரு வரியில போட்டுடறானே!"

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். எழுத வேண்டிய கட்டுரை, வரவேண்டிய செக் எல்லாம் கொஞ்ச நேரம் எங்கோ போயிருந்தன. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கைக்கடிகாரத்தை அம்மாவிடம் கொடுத்திருந்தேன்.

ஊர் திரும்பி நாலாம் நாள் டாக்டரிடம் போனேன். நூத்தி முப்பத்தாறுக்கு தொண்ணூறு. "பரவாயில்லையே! ஒரு வாரம் ரெஸ்ட் எடுத்தீங்களா?"

"ரெண்டு நாள் ஸார். மீதி அஞ்சு நாளைக் கணக்கில் முன்னே கொண்டு போயிருக்கேன்."

அதைச் சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தேன். வாசலில் பேப்பரை விரித்து வைத்து நீர்மட்டம் பார்த்துக்கொண்டிருந்த அப்பா நிமிரவில்லை. அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் மட்டும் வந்தது:

"அந்த அஞ்சு நாளு எப்பப்பா?"