மழைக்குள்ளதான் பூ

இறக்குவானைப் பக்கம் வெயில் வரட்டும், பிறகு போவோம் என்று இருந்தால் வெசாக் பூவைப் பார்க்கக் கிடைக்காது. இரத்தினபுரியின் ஈரப் பக்கத்து மலைகளில் வருசத்துக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. மே மாதம் தென்மேல் பருவமழை இறங்குகிற நேரமும் அந்தப் பூ விரிகிற நேரமும் ஒன்றுதான். அதனால் நாங்கள் நனைந்துகொண்டுதான் போகிறோம். காலில் சவர்க்காரம் பூசி, காற்சட்டையை மேசுக்குள் திணித்து, போனைப் பொலித்தீன் பைக்குள் சுற்றி. அட்டைக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை என்பது வேற கதை.

வெசாக் பூ ஒரு ஓர்க்கிட். மரத்தில் ஒட்டி வளர்ந்தாலும் மரத்தை உறிஞ்சாது. தண்டு கீழ்நோக்கித் தொங்கும், அதன் நுனிப் பக்கம் வெளிறிய ஊதாவில் பூ, நடு இதழில் கருஞ்சிவப்பாய் ஒரு பொட்டு. இலங்கைக் காட்டைத் தவிர உலகத்தில் வேறெங்கும் தானாக வளராது. சிங்களத்தில் வெசாக் மல். விஞ்ஞானப் பேர் டென்ட்ரோபியம் மக்கார்த்தியே. பேராதனைப் பூங்காவின் தலைவராக இருந்த த்வெய்ட்ஸ் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வைத்த பேர் அது. மக்கார்த்தி என்பவர் அப்போது குடியேற்றச் செயலாளர், பிறகு ஆளுநர். பூவுக்குக் கிடைத்தது அவருடைய மனைவியின் பேர். அதாவது ஒரு துரைசானியின் பேர். அதே காலத்தில்தான் எங்கள் ஆட்கள் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து வந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் எத்தனை பேருடைய பேர் செக்றோலில் சரியான எழுத்தோடு ஏறியதோ!

எங்கள் லயங்களில் இந்தப் பூவுக்குப் பேர் இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தோம். கூட்டாளி ஒருத்தியின் அம்மா, முப்பது வருசம் கொழுந்து பறித்தவர், படத்தைக் கிட்ட வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது மரத்துப் பூ புள்ள. ஆத்தோரமா ஒரு பெரிய மரத்துல வருசா வருசம் பூக்கும். அந்த மரத்தத் தறிச்சிட்டாங்களே." பேர் என்ன என்று திரும்பக் கேட்டோம். "பேரு எதுக்கு? பூன்னா பூ."

நாங்கள் பார்த்ததும் ஓர் ஓடைக்குப் பக்கத்தில்தான். தலைக்கு மேலே இரண்டாள் உயரத்தில், நாலு பூ. ஏறக்கூடாது, கொப்பை வளைக்கக்கூடாது என்பது நாங்களே போட்டுக்கொண்ட சட்டம். கீழே நின்று குடையை ஒருத்தர் பிடிக்க, இன்னொருத்தர் போனைப் பாறையில் அண்டக் கொடுத்து எடுத்தார். மேகம் மூடிய வெளிச்சம் பூவுக்கு நல்லது, நிறம் வெளுக்காது. காற்றுதான் எதிரி. நாற்பது படம் எடுத்து மூன்று தேறியது. பூவை மட்டும் எடுத்தால் போதாது. இலை, தண்டு, ஒட்டியிருக்கிற பட்டை எல்லாம் வேணும். இல்லாட்டி இனம் பிரித்துச் சொல்கிறவர்களுக்கு அது வெறும் அழகான படம்.

அன்றைக்கு இரவே எங்களுக்குள் சண்டை வந்தது. இடத்தின் பேரைப் போடுறதா, இல்லையா? வெசாக் பூ அழிகிற நிலைக்குப் போனதற்குக் காடு வெட்டினது ஒரு காரணம் என்றால், மரத்தோடு பிய்த்துக்கொண்டு போனது இன்னொரு காரணம். ஓர்க்கிட் விதை தூசி மாதிரி. உள்ளே சாப்பாடு கிடையாது. சரியான பூஞ்சை கூடச் சேர்ந்தால்தான் முளைக்கும். ஒரு செடியைத் தூக்கினால் அந்த இடத்தில் இன்னொன்று வர எத்தனை வருசம் போகுமோ. ஐநேச்சுரலிஸ்ட் தளம்கூட அழிகிற இனங்களின் இடத்தைப் பல கிலோமீற்றருக்கு மங்கலாக்கித்தான் காட்டுகிறது. ஆனால் எங்களில் ஒருத்தர் விடவில்லை. "அங்க இருக்குன்னு ஒருத்தருக்கும் தெரியாட்டி, நாளைக்கு அந்த மரத்தத் தறிக்கும்போது யாருடா தடுப்பான்?" அதற்கு எங்களிடம் பதில் இல்லை. கடைசியில் போனில் லொகேசனை அணைத்து, பின்னால் தெரிந்த பாறையை வெட்டிவிட்டுத்தான் படத்தைப் போட்டோம். அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

இன்னொரு இடத்தில் காட்டோரம் குனிந்து கிடந்த எங்களை மாணிக்கக்கல் தோண்டுகிறவர்கள் என்று பிடித்து ஒரு மணித்தியாலம் நிற்க வைத்தார்கள். இந்த மலைகளில் கல்லும் வல்லப்பட்டையும் களவு போகிறதால் கேட்கிறது நியாயம்தான். பூவைப் படம் எடுக்க வந்தோம் என்று எங்கள் அரைகுறைச் சிங்களத்தில் சொன்னபோது சிரித்தார்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு வேலை இருக்கும் என்று அவர்களால் நம்ப முடியவில்லை.

மே மாதத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. 2016 மே 17 அன்று கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடியது. அதே மழையில் புளத்கொகுபிட்டியில் தோட்டத்து லயம் ஒன்றும் மண்ணுக்குள் போனது. அதனால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விட்டிருந்தால், மஞ்சளோ சிவப்போ, நாங்கள் போகிறதில்லை. அன்றைக்கு வீட்டு ஆட்களே பள்ளிக்கூடத்துக்குப் பாயைத் தூக்கிக்கொண்டு போய் இருப்பார்கள்.

செப்டெம்பரில் பினர பூக்கும். கடும் ஊதா இதழ், நடுவில் மஞ்சள் மகரந்தப்பை. அந்தப் பையின் நுனியில் சிறு துளைதான் இருக்கும். தேனீ வந்து உடம்பை அதிர வைத்தால்தான் மகரந்தம் கொட்டும். சிங்கள மாதம் ஒன்றுக்கும் இதே பேர்தான். இதற்குக் காட்டுக்குள் போகத் தேவையில்லை. தேயிலை மலை ஓரத்திலும் கான் கரையிலும் நாங்கள் கண்டிருக்கிறோம். ஆனால் அங்கே அது களை. கிளைபோசேட்டை 2015இல் தடை செய்தார்கள், 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் திரும்ப விட்டார்கள். நடுவில் கையால் புல்லு வெட்டின வருசங்களில் கானோரம் ஊதாவாய்க் கிடந்ததாக அதே அம்மா சொல்கிறார். முதுகு ஒடிந்ததும் அந்த வருசங்களில்தான் என்றும் சொல்கிறார்.

இந்த முறை மருந்தடிக்கிற ஆட்கள் வருகிற நாளை முன்கூட்டியே கேட்டு வைத்திருக்கிறோம். அஞ்சாம் நம்பர் மலைக்கு அவர்கள் திங்கட்கிழமை வருகிறார்களாம். நாங்கள் ஞாயிறு விடிய ஏறுகிறோம். வருகிறவர்கள் சவர்க்காரத்தை மறக்க வேண்டாம்.