தூணில் நிற்கும் யாளி

பெருமாள் கோயிலானாலும் சிவாலயமானாலும், மண்டபத்தில் அன்பர்களை முதலில் எதிர்கொள்வது பெரும்பாலும் யாளிதான். சிங்க முகம், பிதுங்கிய விழிகள், பின்னங்கால்களில் எழும்பிப் பாயும் வேகம். சில ஊர்களில் அதன் வாய்க்குள் கல் உருண்டை ஒன்று உருளும். வெளியே எடுக்க இயலாது. அதை உருட்டிப் பார்க்க ஆசைப்படாத பிள்ளைகள் உண்டோ?

தை அமாவாசைக்குக் கும்மிடிப்பூண்டியிலிருந்து திருவள்ளூர் வந்த குடும்பம் ஒன்றில் இந்த யாளி சிறு பிணக்கை உண்டாக்கிற்று. திருக்குளத்தில் தர்ப்பணம் முடித்து, வீரராகவப் பெருமாளைச் சேவித்து, படிக்கட்டில் அமர்ந்திருந்தார் பெரியவர். சிப்காட்டில் ஓர் ஆலையில் இயந்திர பாகங்களுக்கு வரைபடம் போடும் பேரன் கைப்பேசியை நீட்டினான். யாளி உண்மையில் வாழ்ந்த விலங்கு, டைனோசரைப் போல அழிந்துவிட்டது என்று அதில் ஒருவர் அடித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

“பாத்தீங்களா தாத்தா? நேர்ல பாத்துதான் செதுக்கியிருக்காங்க. சங்கப் பாட்டுலயும் இருக்காம்.”

தாத்தா மகிழ்வார் என்றே அவன் எதிர்பார்த்தான். அவர் தலையசைக்கவில்லை.

“பாட்டுல இருக்கறது நிஜம். எலும்பு ஒண்ணாவது கிடைச்சுதா?”

“அப்போ பொய்னு சொல்றீங்களா?”

பெரியவரின் ஐயத்தில் நியாயம் உண்டு. மாமல்லபுரத்துப் பாறையில் செதுக்கிய யானை, யானையாகவே இருக்கிறது, கண்டு செதுக்கியது. யாளியோ ஓரிடத்தில் சிங்க முகமும் மற்றோரிடத்தில் துதிக்கையும் கொண்டு நிற்கும். மகர முகம் கொண்டதும் உண்டு. ஒரே விலங்கைக் கண்டவர்கள் இத்தனை விதமாகச் செதுக்குவார்களா?

கேள்வி ஞானத்தால் விலங்கு படைத்தவர்கள் மேல்நாட்டிலும் இருந்தனர். பாரசீக அரசவையில் மருத்துவராயிருந்த டீசியஸ் என்ற கிரேக்கர், மனித முகமும் சிங்க உடலும் தேள் வாலும் மூவரிசைப் பற்களும் கொண்ட விலங்கு இந்தியாவில் உண்டு என எழுதினார். அது புலியாகத்தான் இருக்கும், அச்சம் அதைப் பெருக்கிவிட்டது என்று பிற்காலத்துக் கிரேக்கரான பாசேனியஸ் கருதினார். ஆயினும் 12, 13-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய விலங்கு நூல்களில் அது வண்ணப் படமாக, மெய்யான விலங்குகளோடு சேர்ந்தே இடம்பெற்றது. 1515-இல் இந்தியாவிலிருந்து லிஸ்பன் சென்ற காண்டாமிருகத்தை நேரில் காணாமலேயே வரைந்த ஜெர்மானிய ஓவியர் டியூரர், முதுகில் இன்னொரு சிறு கொம்பையும் சேர்த்துவிட்டார். வெகுகாலம் அப்படமே நூல்களில் நிலைத்தது. அவையெல்லாம் தகவல் பிழைகள். யாளியை அந்தக் கணக்கில் எழுதுவது சரியன்று. சிங்கத்தின் வீரத்தையும் யானையின் வலிமையையும் அறிந்தே ஓருருவில் இணைத்தவர் சிற்பி. அதற்கு எலும்புச் சான்று தேடுவது அவருடைய கற்பனைக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

பெரியவர் இவ்வளவு விரித்துச் சொல்லவில்லை. “நீ ஒரு பாகம் வரையறியே, வரையும்போது அது எங்கடா இருக்கு?” என்றார்.

“அது இனிமேதானே செய்வாங்க. ஆனா அதுக்கு ஒரு வேலை இருக்கு தாத்தா.”

“இதுக்கும் இருக்கு. காவல்.”

பேரன் பதில் பேசவில்லை. முழுதும் ஒப்புக்கொண்டதாகவும் தெரியவில்லை. இதுவரை கேட்டுக்கொண்டிருந்த பாட்டி, உற்சவத்தில் பெருமாள் யாளி வாகனத்தில் எழுந்தருள்வது என்றைக்கு என்று விசாரித்தார். அவன் கைப்பேசியில் தேடத் தொடங்கினான்.