போல்ட்டுக்குப் பதிலா ஸ்டட்

விடியக்காலையில வெண்டைக்காய் மூட்டையோட சந்தைக்கு ஓடுறது நம்ம பழைய கார்தான். அது படுத்துட்டா அன்னைக்கு விலை போச்சு. அதனால டேப்பட் கவர் போல்ட்டுகளை எடுத்துட்டு ஸ்டட் போட்டுட்டேன்.

காரணம் இதுதாங்க. ஹெட் அலுமினியம், போல்ட் இரும்பு. வால்வு இடைவெளி பார்க்க ஒவ்வொரு தடவை கழட்டி மாட்டும்போதும் தேயறது ஹெட்டுல இருக்கிற மரை. அது போயிட்டா கவர் இறுகாது, ஆயில் கசியும், பட்டறைச் செலவு.

ஸ்டட் ஒரு தடவை இறங்கினா அங்கேயே நிக்கும். கழட்டுறது நட்டு மட்டும். தேஞ்சா நட்டை மாத்திக்கலாம். பேக்கிங்கும் நகராம உட்காரும்.

ஸ்டட்டுல ரெண்டு நட்டைச் சேர்த்து இறுக்கி, மேல் நட்டைத் திருகி இறக்குங்க. முறுக்கிப் பிடிக்க வேண்டாம். கவரை மேல தூக்க இடம் இருக்கான்னு முதல்லயே அளந்துக்குங்க.

மரை நல்லா இருக்கும்போதே செஞ்சுடணும்.